ஈரம் இழுத்த பேப்பர்

“மறுபடியும் சிக்கிடுச்சா? நேத்துதானே சரி பண்ணாங்க!” மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

டைப்பிஸ்ட் பிரிண்டர் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

பிரிண்டர் கம்பெனி அனுப்பிய மெக்கானிக், கசங்கிய தாளை உருவிக்கொண்டே அவளுக்குப் பாடம் எடுத்தார். “மழை நேரத்துல பேப்பர் கட்டைப் பிரிச்சு ஜன்னலோரம் வெச்சா, ஈரம் இழுக்காம என்ன செய்யும்? லேசர் பிரிண்டருக்குன்னு விக்கிற தாளா வாங்கி, உறையோட அலமாரியில படுக்க வைங்க. எத்தனை தடவைங்க சொல்றது?”

“சரிங்க.”

“இவங்க மண்டையில ஏறாது, விடுங்க” என்று மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

எல்லாம் ஏறித்தான் இருந்தது. வீட்டில் ஒரு மாதமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும் இந்த மெக்கானிக் கணவரை நாலு வார்த்தை பேச வைக்க, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மெக்கானிக் பையை மாட்டிக்கொண்டார். போகிற போக்கில் அலமாரியிலிருந்து புதுப் பேப்பர் கட்டை எடுத்து, உறையைப் பிரித்து, ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார்.