முப்பத்தைந்து டிகிரி வாக்கு

"தேதி பாத்து வாங்கினியா? காலாவதியானதை வச்சா கோவிச்சுக்கும்!" என்று மேலாளர் லியாவ் பதறினார். எஞ்சினியர் பெய்-ஜுன் பச்சைப் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள். அடுத்த மார்ச் வரை தாங்கும்.

அதை இரு கைகளாலும் வாங்கி, பயபக்தியோடு வைத்தார். சாமி முன்னால் அல்ல. சோதனை மேசையில் திறந்து கிடந்த கம்ப்யூட்டர் முன்னால். 'சமத்தாயிரு' என்று பெயர் போட்ட சோளப் பொரி அது. தைபேயில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் எஞ்சினியருக்கு முன்னால் இதைத்தான் தேடுவார்கள். விளக்கு பச்சையாய் எரிய பச்சைப் பாக்கெட்தான் வேண்டும், மஞ்சள் ஆகாது.

இந்தக் கம்ப்யூட்டருக்கு விசித்திரமான வியாதி. வேலை கொடுத்தால் குதிரையாய் ஓடும். சும்மா விட்டால் உறைந்து நின்றுவிடும். சும்மா இருக்கும்போது பிராசசரின் சூடு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டாது என்று கம்பெனி இயக்குநர் வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக, கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் வோல்டேஜை இறக்கிவைத்திருந்தார்கள். அரை வயிற்றோடு தூங்கப்போனது எப்படி எழுந்திருக்கும்?

"கொஞ்சம் வோல்டேஜ் ஏத்தினா சரியாயிடும் சார். சூடு நாப்பத்தொண்ணு வரும், அவ்வளவுதான்" என்றாள் பெய்-ஜுன்.

"அதுல கை வச்சே, உன் சீட்டு கிழிஞ்சுடும்!" ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் லியாவ். "வெள்ளிக்கிழமை பயாஸ் ஃபாக்டரிக்குப் போகணும். பாக்கெட் எல்லாத்தையும் பாத்துக்கும்."

பெய்-ஜுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பதாயிரம் மதர்போர்டுகள் நாற்பதாயிரம் வீடுகளில் உறையப்போகின்றன. பயாஸ் எழுதியவள் என்று திட்டு வாங்கப்போவது அவள்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல விளக்குகளை அணைத்தார்கள். மொத்த அலுவலகமும் மேசையில் கவிழ்ந்து தூங்கியது. லியாவும் கவிழ்ந்திருந்தார், அன்றைக்கு அவருடைய குறட்டைகூட இல்லை. பெய்-ஜுன் பூனைபோல நடந்துபோய், அந்தக் கம்ப்யூட்டரின் பயாஸில் மட்டும் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டுத் திரும்பினாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் கம்ப்யூட்டர் உறையவே இல்லை. "பாத்தீங்களா, பாக்கெட் மகிமையை!" என்று லியாவ் வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். இயக்குநரே வந்து பொரிப் பாக்கெட்டுக்கு ஒரு கும்பிடு போட்டார். எத்தனை டிகிரி என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலைதான் அவளுக்கு உறைத்தது. ஃபாக்டரிக்குப் போகவேண்டிய கோப்பில் பழைய எண்தானே இருக்கிறது? வேலை போனால் போகட்டும் என்று லியாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், அது பாக்கெட் இல்ல. நான்தான் வோல்டேஜை ஏத்தினேன். என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, பரவாயில்ல. அந்தப் பழைய பயாஸை மட்டும் அனுப்பிடாதீங்க!"

லியாவ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. வோல்டேஜை ஏத்தணும்னா, இயக்குநர் சொன்னது தப்புன்னு ஆறு மீட்டிங்ல நிரூபிக்கணும். பாக்கெட் வைக்க ஒரு மீட்டிங்கும் வேண்டாம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்போ... ஃபாக்டரிக்கு?"

"நீ மாத்தின நம்பரை நேத்தே அனுப்பிட்டேன்."