திரும்பி வராத குரல்

ஒரு சர்க்யூட் போர்டில் பஃபர் ஒன்று இருந்தது. சிப்பின் வாசலில் நின்று, உள்ளிருந்து வரும் சேதிகளை நீளமான செம்புத் தடத்தில் கூவி அனுப்புவது அதன் வேலை. மறுமுனையில் திரையை இயக்கும் சிப் இருந்தது. அதை இது பார்த்ததே இல்லை.

ஆனால் கூவிய மறுகணமே அதே சொல் திரும்பி வரும். "என்னமா பதில் சொல்றான் பாரு!" என்று பஃபருக்கு ஒரே பூரிப்பு. இன்னும் பலமாகக் கூவும். அந்தப் பக்கம் திரையில் படம் நடுங்குவது அதற்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் இன்ஜினியர் மங்கை, அதன் வாயருகே அரிசிமணியை விடச் சின்னதாக, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள். அன்றோடு பதில் நின்றுபோனது.

"என் சிநேகிதனை என்னடா பண்ணினே?" என்று பஃபர் ரெசிஸ்டர்மேல் பாய்ந்தது.

"அது உங்க குரல்தாண்ணே. அங்கே முட்டித் திரும்பி வந்து, அடுத்த பேச்சையும் குழப்பிடுச்சு. இப்போ அதை நான் வாங்கிக்கறேன். படம் ஆடாம நிக்குதுன்னு மங்கையம்மா சொன்னாங்களே."

"அப்போ அவன் ஏன் பேச மாட்டேங்கறான்?"

"இந்தத் தடத்துல அவனால கேக்க மட்டும்தாண்ணே முடியும்."

அடுத்த சேதி வந்தது. பஃபர் அதைக் கூவவில்லை, மெதுவாகச் சொன்னது. பிறகு பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

ஒன்றும் திரும்பி வரவில்லை. அவ்வளவும் போய்ச் சேர்ந்திருந்தது.