எண் 4117

தொலைபேசி மறுபடியும் அடித்தது. தொகுப்பாசிரியை சிவப்புப் பேனாவை மேசையில் விட்டெறிந்தாள்.

பத்தாயிரம் பெயர்களுக்குப் பொருள் சொல்லி ஒரு புத்தகம் போட்டாலும் போட்டாள், வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் ஒருவர். மாவீரன் என்று நினைத்துப் பேரனுக்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் வைத்தாராம். புத்தகத்தில் 'ஆடு மேய்ப்பவன்' என்று இருக்கிறதாம். அதற்கு இவள் என்ன செய்வாள்? அந்த நாட்டுக்காரர்களிடம் போய்ச் சண்டை போட வேண்டியதுதானே?

அடுத்து ஒருத்தி. ஒரே பெயரை மூன்று மொழிக்காரர்கள் தங்களுடையது என்கிறார்களே, யாருக்குப் பட்டா எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

திருத்திய பதிப்பு நான்கு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். இப்போது மணி மூன்றரை. மிச்சம் ஒரே ஒரு திருத்தம், எண் 4117.

முதல் பதிப்பில் நாற்பது பெயர்களுக்குப் பொருள் கிடைக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் புத்தகம் விற்காது என்று பதிப்பாளர் குதித்தார். அலுத்துப்போய், ஒரே மத்தியானத்தில், ஒளி, வெற்றி, மலர் என்று வாய்க்கு வந்ததை எழுதி நிரப்பினாள். 4117க்கு 'விடியல்'.

பன்னிரண்டு வருடமாக அந்த நாற்பது பொய்யும் அவளை அரித்துக்கொண்டிருந்தன. முப்பத்தொன்பதைச் சரிசெய்துவிட்டாள். இது மட்டும் எந்த அகராதியிலும் அகப்படவில்லை. 'பொருள் தெரியவில்லை' என்று போட்டுத் தலைமுழுகிவிட்டால் நிம்மதி.

தொலைபேசியை எடுத்தாள். அதே அம்மாள்! நான்கு நாளாக இதே நேரம், இதே கேள்வி.

"4117க்கு விடியல்னுதானே போட்டிருக்கீங்க?"

ஆமாம் என்றால் வைத்துவிடுவாள். மறுநாள் திரும்பவும் கேட்பாள். இன்று இவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இல்லைங்க. அது நானா எழுதின பொய். இன்னைக்கு எடுத்துடப் போறேன். போதுமா?"

விட்டது சனியன் என்று வைக்கப் போனாள்.

"பொய்னு எனக்குத் தெரியும்மா. அது என் பொண்ணோட பேரு, எங்க பாஷைப் பேரு. வீட்ல அந்தப் பாஷைய இப்பப் பேசுறதில்ல. அர்த்தம் என்னம்மான்னு பொண்ணு நச்சரிப்பா, நான் வாயத் திறக்க மாட்டேன். போன மாசம் பள்ளிக்கூடத்துல உங்க புத்தகத்தப் பாத்துட்டு ஒரே ஓட்டமா ஓடி வந்தா. இப்பல்லாம் பேரு எழுதினா பக்கத்துல ஒரு சூரியனும் வரையிறா. திருத்தினது வருதுன்னு விளம்பரம் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. எடுத்துடாதீங்கம்மா."

பன்னிரண்டு வருடம் தேடிய பொருள், இதோ, ஒரு கேள்வி தூரத்தில். தொகுப்பாசிரியை அவசரமாகப் பேனாவை எடுத்தாள். உண்மையான அர்த்தம் என்னவென்று கேட்டாள்.

"'வேண்டாம்'னு அர்த்தம். மூணாவதும் பொண்ணு."

தொகுப்பாசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைக் குழந்தைக்கு வைக்கிற பெயரா இது? எந்தப் பாவி வைத்தது என்று கத்தியே விட்டாள்.

"நான்தாம்மா."

நான்கு மணிக்கு எல்லாப் பக்கங்களும் அச்சுக்குப் போயின. 4117இல் திருத்தம் எதுவும் இல்லை.