மோனிகாவுக்காக நின்ற கார்

பனி விலகி, தேயிலை மூட்டைகள் மேல் மாலை வெயில் விழுகிறது. தான் ஓட்டுகிற டிராக்டரில் சாய்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் எட்மண்ட் போனில் சிரிக்கிறார். அவர் ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த கேமையே கம்பெனி மூடிவிட்டது. கூட ஓட்டியவர்கள் மட்டும் இன்னும் போனில் கூடிப் பேசுகிறார்கள். ஸ்பீக்கரில், முகம் தெரியாத மோனிகா. “வளைவுல நான் கவுந்தப்ப, ஜெயிக்கிற காரை நிறுத்திட்டுக் காத்திருந்தீங்களே கேப்டன்!” கிரீஸ் படிந்த விரலால் அவர் மீசையைத் தடவுகிறார். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன். “ஏனுங்க, எனக்காக ஒரு நாளாச்சும் நின்னிருக்கீங்களா?” “அது கேமு லிஜி. அதுக்குமா பொறாமை?” வேலை முடிந்த சங்கு ஊதுகிறது. மற்றவர்கள் டிரெய்லரில் ஏறிவிட்டார்கள். நான் வேண்டுமென்றே கூடையோடு மெதுவாக நடக்கிறேன். போனில் சிரித்தபடியே அவர் கியரைப் போடுகிறார்; டிராக்டர் நகர்கிறது.