ஒப்புமைக்கு ஓர் ஓரகத்தி

ஒப்புமைக் கேள்விகளுக்கு விடை எழுத மூளை வேண்டும் என்றொரு நம்பிக்கை உலகமெங்கும் பரவிக் கிடக்கிறது. பல தலைமுறைகளைக் கெடுத்த பிழை இது. இன்றே திருத்திக்கொள்வது நல்லது. அதற்கு வேண்டியது ஓர் ஓரகத்தி.

சின்னவளுக்கு அப்படி ஒருத்தி வாய்த்திருந்தாள். கணவனின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி.

சின்னவளுக்குத் தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிற வேலை. பதவி உயர்வுத் தேர்வை மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவை போயாயிற்று. இரண்டிலும் காலை வாரியது ஒப்புமைப் பகுதி. இதையும் விட்டால் ஓய்வு பெறும்வரை அதே தராசுதான்.

பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். பாடம் தொடங்கியதும் தூங்கினாள். பொறுத்துப் பார்த்த வாத்தியார் ஒருநாள் தட்டி எழுப்பி, "வீட்டுலயே போய்ப் படுத்துக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

அழுதுகொண்டு வந்தவளுக்கு வீட்டில் ஆறுதலா கிடைத்தது?

"பேனாவுக்கு மூடி எப்படியோ, உன் தலைக்கு முடி அப்படி" என்றாள் பெரியவள். "சும்மா மேல உக்காந்திருக்கு."

சின்னவளுக்குச் சுருக்கென்றது.

"மூடி, மை காயாம பாத்துக்கும். முடி எதைப் பாத்துக்குது? நீங்க சொல்றதே தப்புக்கா!"

"அப்ப சரியானதை நீ சொல்லேன், மகாராணி."

"கத்திக்கு உறை!"

"யாரைடி கத்திங்கிற?"

அன்றிலிருந்து தினம் ஒன்று.

"மழையப் பாத்தா குடை விரியும். வேலையப் பாத்தா நீ சுருங்குற. குடைக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்ல."

"குடை விரியறது மழையத் தடுக்க! நானும் வேலையத் தடுக்கணுமா?"

"அண்ணி பேசறதையெல்லாம் காதுல போட்டுக்காத" என்றான் கணவன்.

"எப்படிங்க போட்டுக்காம இருக்கிறது? உவமை தப்பா இருக்கே!"

புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிறவள், பதிலடி யோசித்துத் தூக்கத்தைத் தொலைத்தாள்.

தேர்வு நாள் வந்தது.

கொசுவலை : கொசு. இதே உறவுள்ள ஜோடி எது?

மீன்வலை : மீன் என்று முதல் விடையே பல்லைக் காட்டியது. பழைய சின்னவள் வலையோடு வலை சேர்ந்ததென்று ஓடிப் போய் அதில் விழுந்திருப்பாள்.

"அது பிடிக்கிற வலை. இது தடுக்கிற வலை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கண்காணிப்பாளர் முறைத்தார். அவள் 'குடை : மழை'யைத் தேடிப் பிடித்து வட்டமிட்டாள். அடுத்த கேள்வி. அதற்கடுத்தது. பெரியவளோடு சண்டை போடுகிற வேகத்தில் பேனா பறந்தது.

முடிவு வந்தது. அலுவலகத்திலேயே முதலிடம். ஒப்புமைப் பகுதியில் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை.

வீட்டுக்குள் புயலாக நுழைந்தாள்.

"அக்கா! முடி சும்மா மேல உக்காந்திருக்குன்னீங்களே, அதுக்குக் கீழயும் ஏதோ இருக்காம். பாஸாயிட்டேன்! முதலிடம்!"

"ஆமா, பெரிய மேதை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெரியவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மேஜையில் கிடந்த பெரியவளுடைய ஃபோன் அடித்தது. சின்னவள் எடுத்தாள். ஹலோ சொல்லக்கூட விடவில்லை, பயிற்சி வகுப்பு வாத்தியார் குரல்:

"அம்மா, உங்க சின்னவங்க முதலிடமாமே! இனிமே 'கசப்பா ஒரு கேள்வி குடுங்க'ன்னு கேக்கமாட்டீங்களே? திட்டறதுக்குத் தோதா கேள்வி தேடித் தேடி எனக்கு முடியே கொட்டிப்போச்சு."

துணிக் குவியலோடு உள்ளே வந்த பெரியவள், ஃபோனையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். அகப்பட்டுக்கொண்டாள்.

"என்னடி பாக்குற? பாடம்னா தூங்கிடுற. சண்டைன்னா முழிச்சுக்கிற. நான் வேற என்ன செய்யட்டும்?"

அன்று மாலை முழுவதும் அந்த வீட்டிலிருந்து சத்தமே வராததால், மாடி வீட்டுக்காரர் பயந்துபோய் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.