பச்சை தெரியக் கூடாது

தீயில் கருகிய முந்திரித் தோப்புக்குள், நெய்வேலி நகரியத்தின் போட்டோ கிளப் தலைவர் சோமசுந்தரம் காமிராவும் கூலிங்கிளாசுமாக வந்து இறங்கினார்.

“சார், படம் புடிச்சா நிவாரணம் கெடைக்குமாங்க?” என்று கேட்டான் தோப்புக்காரன் பாவாடை.

“என் படத்தைப் பார்த்தா கலெக்டரே அழுவார்யா. அதென்ன, அடிமரத்துல பச்சையா?”

“துளிர் வுட்டுக்கினு வருதுங்க. அத நம்பித்தான் இருக்கோம்.”

“பச்சை தெரிஞ்சா எவன் இரக்கப்படுவான்? சீவி எடு.”

“வேணாம்யா, மரமே பட்டுப்பூடும்” என்றாள் அவன் மனைவி ஆதிலட்சுமி.

“சார் தெரியாமலா சொல்வாரு?”

பாவாடை அரிவாளால் எல்லாத் துளிரையும் அடியோடு சீவினான். பிறகு, தோளில் கிடந்த பச்சைத் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

“அப்படியே நில்லு!” என்று படமெடுத்தார் சோமசுந்தரம்.

கிளப் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. தோப்பில் ஒரு மரமும் பிழைக்கவில்லை.

மனைவியோடு கண்காட்சிக்குத் தேடி வந்த பாவாடையிடம், “நிவாரணமா? அதைத் தாலுக்கா ஆபீஸ்ல போய்க் கேளு” என்றார் சோமசுந்தரம்.

ஆதிலட்சுமி சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்தாள்.

“உன் பச்சைத் துண்டும் கரியாட்டம்தான்யா இருக்குது.”

“கலர் ஃபிலிமை நான் தொடுறதே இல்லம்மா” என்றார் சோமசுந்தரம், கழுத்து மாலையைச் சரிசெய்தபடி. “கறுப்பு வெள்ளைதான் கலை!”