மைக் உள்ள திருவிழா

அறுபத்துமூவர் பல்லக்குகள் மயிலாப்பூர் மாட வீதியில் திரும்பிய வேளையில், சுயம்புலிங்கம் மனைவியின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தார். நீர்மோர்ப் பந்தலின் தட்டிக்குப் பின்னால் போய் நின்று மூச்சு வாங்கியபோது, சிறையிலிருந்து தப்பியவனின் களிப்பு அவர் முகத்தில் இருந்தது.

உண்மையில் அவருக்கு மனைவியிடம் ஒரே ஒரு குறைதான். மணமாகி இத்தனை ஆண்டுகளில் சண்முகவடிவு அவருடைய பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. கணவன் பெயரைச் சொல்லலாகாது என்பது அவள் வீட்டு வழக்கம். உவரியில் கோயில் கொண்டிருக்கும் சுயம்புலிங்க சுவாமியைக்கூட அவள் ‘உவரிச் சாமி’ என்றே கும்பிட்டாள்.

திசையன்விளையில் ஜவுளிக்கடை நடத்திய அவருக்கு அது ஒரு குறையாகப் பட்டது, கொள்முதலுக்காகத் தியாகராய நகருக்கு வந்து தங்கிய பிறகுதான். எதிர்ப் போர்ஷனில் பள்ளி ஆசிரியர் விக்டர் குடியிருந்தார். காலையில் அவர் படியிறங்கியதும் அவர் மனைவி ஐவி மாடியிலிருந்து, “விக்டர், குடை! விக்டர், மூக்குக்கண்ணாடி!” என்று கூப்பிடுவாள். கொள்முதலை மறந்து சுயம்புலிங்கம் நின்று கேட்பார்.

பிறகு ஒருநாள் பொருட்காட்சியில், காணாமற்போனவர்களை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்டார். வழி பிறந்துவிட்டது. சண்முகவடிவைப் பட்டணத்துக்கு எந்த விழாவுக்கு அழைத்துவரலாம் என்று விக்டரிடமே யோசனை கேட்டார்.

“டிசம்பர்ல வாங்க அண்ணாச்சி. மயிலாப்பூர் முழுக்கக் கச்சேரி.”

“மைக் உண்டுமா?”

“உண்டு. பாடறவர் முன்னாடி இருக்கும்.”

“நடுவுல அஞ்சு நிமிஷம் விடுவாரா?”

“அவர் பக்கத்து வாத்தியத்துக்கே விடமாட்டார்.”

“அப்ப அது வேண்டாம்.”

“அடையாறுல நாட்டிய விழா? ஜனங்க வரிசையா, சத்தமில்லாம உக்காந்திருப்பாங்க.”

“உக்காந்தே இருந்தா எப்படி சார் தொலையிறது?”

விக்டர் நிமிர்ந்து பார்த்தார். சுயம்புலிங்கம் வேறு வழியின்றித் தம் ஆசையைச் சொன்னார். விக்டர் நெடுநேரம் இருமிவிட்டு, “அப்படின்னா பங்குனிதான் சரி. பொருட்காட்சியும் முடிஞ்சிருக்காது, அறுபத்துமூவரும் வந்துடும். ரெண்டுலயும் காணாமப் போறதுக்கு நல்ல வசதி” என்றார்.

“இது நமக்குள்ள இருக்கட்டும் சார்.”

விக்டர் வாக்குக் கொடுத்தார். ஐவியிடம் தவிர வேறு எவரிடமும் எதையும் சொல்லாத மனிதர் அவர்.

பங்குனியில் தம்பதியர் வந்து இறங்கினார்கள். பொருட்காட்சியில், ராட்டினத்தருகே சுயம்புலிங்கம் தொலைந்தார். சண்முகவடிவோ ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பாமல், முறம் அகலத்துக்கு ஓர் அப்பளம் வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பசி தாங்காமல் அவரே போய்ச் சேர்ந்தபோது அப்பளமும் தீர்ந்திருந்தது.

எஞ்சியது இந்த அறுபத்துமூவர் விழா ஒன்றுதான். இதுவும் தவறினால் மறுநாள் ரயில்.

தட்டியின் இடுக்கு வழியே பார்த்தார். சண்முகவடிவு பதறவில்லை, இடம் வலம் தேடவும் இல்லை. நேரே தொண்டர்களின் மைக் பந்தலை நோக்கி நடந்தாள். ‘கெட்டிக்காரி’ என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஒலிபெருக்கி அப்போது, “பெல்பாட்டம் போட்ட, மூக்கு ஒழுகும் பையன் ஜவஹர் இங்கே இருக்கிறான்” என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பிறகு தொண்டரின் குரல் மட்டும் கேட்டது.

“ஊட்டுக்காரரு பேரு இன்னாமா? பேரு இல்லாம எப்டி கூப்புடுறது?”

சுயம்புலிங்கம் கையிலிருந்த மோர்க் குவளையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“மைக்க இப்படிக் குடுங்க தம்பி. நானே சொல்லுதேன்.”

தொண்டையைச் செருமும் ஓசை.

“சுயம்புலிங்கம்! திசையன்விளை சுயம்புலிங்கம்!”

மாட வீதிகள் நான்கிலும் அந்தப் பெயர் முழங்கியது. கோபுரத்துப் புறாக்கள் கலைந்து பறந்தன. சுயம்புலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, இனி இந்தப் பிறவியில் வேறொன்றும் வேண்டாம் என்று வெளியே வரக் காலெடுத்து வைத்தார்.

“அடையாளம் சொல்லுமா” என்றது தொண்டரின் குரல்.

“முன்தலை வழுக்கை. பின்னால கெடக்க நாலு முடிய முன்னால இழுத்து ஒட்டியிருப்பாக. வேட்டி பின்பக்கம் கிழிஞ்சிருக்கு. காலையிலயே சொன்னேன், கேக்கல. ராத்திரி பூனை கத்துனாக்கூட என்னைய எழுப்பித் துணைக்கு உக்கார வப்பாக. ஆனா மெட்ராசுக்கு வந்தா மட்டும் தைரியமாத் தொலைவாக. இப்ப அந்த மோர்ப் பந்தல் தட்டிக்குப் பின்னால நின்னு கண்ணத் தொடச்சிக்கிட்டு இருக்காக. பாத்தவங்க காதப் புடிச்சு இழுத்துட்டு வாங்க!”

எடுத்துவைத்த கால் பின்வாங்கியது. வீதியே மோர்ப் பந்தலை நோக்கித் திரும்பியது. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அகப்பையால் தட்டியை விலக்கி, ஒட்டிய முடியையும் ஈரக் கண்ணையும் நிதானமாகப் பார்த்தார். பின்பக்கம் எட்டி, கிழிசலையும் பார்த்துக்கொண்டார்.

“அண்ணாத்தே, சுயம்புலிங்கம் நீதானா?”

நெற்றி நிறைய விபூதியோடு நின்றவர், வேட்டியை இரு கைகளாலும் பின்னால் பொத்திக்கொண்டார்.

“இல்லீங்க... விக்டர்.”